முடிச்சிட்ட விரல்கள்

லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், கூடத்தின் நடுவே பெரிய கண்ணாடித் தடுப்புக்குள், ஒரு கம்பளம் தரையோடு தரையாக விரிந்து கிடக்கிறது. நீளம் பத்தரை மீட்டர், அகலம் ஐந்து மீட்டருக்கும் மேல். வெளிச்சம் பட்டுச் சாயம் மங்கிவிடக் கூடாது என்பதற்காக, மணிக்கு இரண்டு முறை, பத்துப் பத்து நிமிடம் மட்டுமே அதன்மேல் விளக்கைப் போடுகிறார்கள். வடமேற்கு ஈரானின் அர்தபீல் நகரில், சூஃபி ஞானி ஷேக் சஃபியுத்தீன் அடங்கிய தர்காவில் விரித்திருந்த கம்பளம் அது. அதன் ஒரு முனையில் சிறிய கட்டம். அதற்குள் ஹாஃபிஸின் கவிதையிலிருந்து ஈரடி, அதன் கீழே ஒரு கையொப்பம். காஷான் ஊரைச் சேர்ந்த மக்ஸூத் என்பவரின் பணி என்று சொல்லும் அந்த வரி, ஹிஜ்ரி 946 என்று ஆண்டும் குறிக்கிறது. நம் கணக்கில் 1539-40.

மக்ஸூத் யார் என்பதற்கு வேறு சான்று கிடையாது. அவர் கம்பளத்தின் ஓவியராகவோ வேலையை முன்னின்று நடத்தியவராகவோ இருக்க வேண்டும் என்பதே பொதுவான கருத்து. நெய்தவர் அவராக இருக்க முடியாது. அந்தக் கம்பளத்தில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட முடிச்சுகள் இருக்கின்றன. தேர்ந்த கை ஒன்று நாளுக்கு 8,000 முடிச்சு போடும் என்று வைத்துக்கொண்டாலும், தனி ஒருவர் ஒரு நாள் விடாமல் எட்டரை ஆண்டு உட்கார வேண்டும். ஐந்து மீட்டர் அகலத் தறியில் அப்படி ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்க மாட்டார். வரிசையாகப் பலர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட எந்த ஏட்டிலும் இல்லை.

பாரசீகக் கம்பளத்தைப் பற்றிப் பேசும் புத்தகங்கள் பெரும்பாலும் அரசர்களின் பெயரையும் ஊர்களின் பெயரையும் வடிவங்களின் பெயரையும் சொல்லி முடிந்துவிடுகின்றன. அந்தக் கம்பளம் எத்தனை கைகளைக் கடந்து வருகிறது என்று பார்த்தால்தான் அது உண்மையில் என்ன பொருள் என்பது விளங்கும்.

முதல் கை ஆட்டின் மேல் விழுகிறது. இளவேனிலில் கத்தரிக்கும் ரோமமே சிறந்தது. குளிர்காலம் முழுக்க வளர்ந்து, நீண்டு, கொழுப்புப் பிசுக்கோடு இருக்கும். குட்டியின் கழுத்திலும் தோளிலும் எடுக்கும் மிக மென்மையான ரோமத்துக்கு ‘கோர்க்’ என்று தனிப்பெயர் உண்டு. காஷானின் நேர்த்தியான கம்பளங்கள் பல இதில் நெய்யப்பட்டவை. அறுத்த ஆட்டின் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து உரித்தெடுக்கும் ரோமத்துக்கு ‘தபாச்சி’ என்று பெயர். அது விறைத்துப்போய், சாயம் சரியாக ஏறாமல், சில ஆண்டுகளிலேயே உதிரத் தொடங்கும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு கம்பளம் நூறாண்டு வாழுமா, பதினைந்து ஆண்டில் தேயுமா என்பது தறிக்கு வருவதற்கு முன்பே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது.

அடுத்தது தக்கிளி. தெற்கே ஃபார்ஸ் மாநிலத்து கஷ்காய் நாடோடிப் பெண்கள் மந்தையோடு நடந்துகொண்டே நூற்பார்கள். கையால் நூற்ற இழை ஓரிடத்தில் சற்றுத் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். குறை என்று தோன்றும் இந்த ஏற்றத்தாழ்வுதான் பிறகு நிறத்துக்கு உயிர் கொடுக்கிறது.

சாயப்பட்டறைதான் இந்தத் தொழிலின் இதயம் என்பது என் எண்ணம். சிவப்புக்கு ‘ரூனாஸ்’ என்னும் செடியின் வேர். நம் மஞ்சிட்டியின் நெருங்கிய உறவு. மூன்று ஆண்டாவது மண்ணில் இருந்த வேராக வேண்டும். அதைக் காயவைத்து இடித்துப் பொடியாக்குவார்கள். கம்பளிச் சிட்டங்களை முதலில் படிகாரத் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். படிகாரம் இல்லாவிட்டால் சாயம் இழையைப் பற்றாது, கழுவினால் போய்விடும். பிறகு ரூனாஸ் தண்ணீரில் மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். சூடு அளவு மீறினால் சிவப்பு பழுப்படித்துவிடும். வெப்பமானி இல்லாத காலத்தில் சாயக்காரர் கையை விட்டுப் பார்த்தே பதம் அறிந்தார். அராக் பகுதியில் புளித்த மோரின் தெளிவைச் சேர்த்து, ரோஜா நிறத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பை வரவழைத்தார்கள். மோருக்கு அவர்கள் மொழியில் ‘தூக்’. அந்த நிறத்துக்கும் அதனாலேயே ‘தூகி’ என்று பெயர்.

இந்த வேரில் உள்ள நிறப்பொருள் அலிசரின். நம் சோழமண்டலக் கரையில் நெசவாளர்கள் துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேரிலும் இருப்பது அதுவே. செடி வேறு, மண் வேறு, இழை வேறு. அங்கே கம்பளி, இங்கே பருத்தி. இரண்டு ஊர்ச் சாயக்காரர்களும் ஒருவரை ஒருவர் அறியாமல், படிகாரத்தின் உதவியோடு ஒரே பொருளைத் தேடி எடுத்திருக்கிறார்கள்.

மஞ்சளுக்கு ‘எஸ்பரக்’ என்னும் காட்டுச்செடி, திராட்சை இலை, மாதுளைத் தோல். பழுப்புக்கு அக்ரூட் காயின் பச்சைத்தோல். கறுப்புதான் சங்கடமான நிறம். இரும்பு சேர்த்து வரவழைக்கும் கறுப்பு கம்பளியை அரித்துவிடும். பழைய கம்பளங்களில் கறுப்புக் கோடுகள் மட்டும் பள்ளமாகத் தேய்ந்து, அவற்றை ஒட்டிய பூக்கள் செதுக்கியதுபோல மேலே எழும்பி நிற்பதற்கு இதுவே காரணம்.

நீலத்துக்கு அவுரி. அவுரிச் சாயத்தை ‘நீல்’ என்றே பாரசீகத்தில் சொல்கிறார்கள், சொல்லும் இந்தியாவிலிருந்து போனது, சரக்கும் நெடுங்காலம் இந்தியாவிலிருந்து போனது. அவுரி தண்ணீரில் கரையாது. தாழியில் புளிக்கவைத்து, அதிலுள்ள ஆக்சிஜனை நீக்கினால்தான் கரையும். அப்போது தாழித் தண்ணீர் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். சாயக்காரர் சிட்டத்தை முக்கி எடுக்கும்போது கம்பளியும் அதே பச்சையில்தான் வெளியே வரும். காற்றுப் பட்டதும் கண்முன்னே நிறம் மாறும். மேலே இருக்கும் இழைகளில் நீலம் படர, உள்ளே மடிந்த இழைகளில் பச்சை சிறிது நேரம் தங்கி நின்று, பிறகு அதுவும் நீலமாகும். ஒரு முக்குக்கு வெளிர் நீலம், திரும்பத் திரும்ப முக்கினால் நள்ளிரவு நீலம். எத்தனை முறை என்பது சாயக்காரரின் ரகசியமாக இருந்தது.

ஒரு தாழியில் தோய்த்த சிட்டம் தீர்ந்துபோனால் அடுத்த தாழியில் தோய்த்ததை எடுக்க வேண்டும். இரண்டும் துல்லியமாக ஒத்துப்போகாது. கையால் நூற்ற இழையின் தடிமன் வேறுபாடும் சேர்ந்துகொள்ள, ஒரே நீலத் தளத்தில் கிடைமட்டமாக மேகம் கடந்ததுபோல நிறம் ஏறி இறங்கும். இதை ‘அப்ரஷ்’ என்பார்கள். இன்று இயந்திரக் கம்பளங்களில்கூட இதைச் செயற்கையாக அச்சடிக்கிறார்கள். பழைய கம்பளத்தில் அது ஒரு தாழி தீர்ந்து மறு தாழி தொடங்கிய இடத்தின் அடையாளம்.

1856இல் வில்லியம் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்த சில பத்தாண்டுகளுக்குள் அனிலின் சாயங்கள் ஈரானுக்குள் புகுந்தன. விலை மலிவு, வேலை சுலபம். ஆனால் வெயிலில் வெளுத்தன, தண்ணீரில் ஓடின. ஏற்றுமதிப் பெயர் கெடும் என்று அஞ்சிய, அன்று ஈரானை ஆண்ட கஜார் அரசு அவற்றுக்குத் தடை விதித்தது. தடை முழுதாக வெல்லவில்லை. பின்னால் வந்த குரோம் சாயங்கள் கெட்டியாக நின்றதால் அந்தச் சண்டையே ஓய்ந்துபோனது. சாயக்காரரின் ரகசியங்களில் பலவும் அதோடு போயின.

தறியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாடோடிகளுடையது தரையில் படுத்த தறி. கூடாரத்தைக் கழற்றும்போது முளைகளைப் பிடுங்கி, பாதி நெய்த கம்பளத்தோடு சுருட்டி மிருகத்தின் முதுகில் ஏற்றிவிடலாம். ஊர்களிலும் நகரங்களிலும் இருப்பது செங்குத்துத் தறி. நெய்பவர்கள் அதன் முன் பலகையில் உட்காருவார்கள். கம்பளம் வளர வளர, பலகை உயரும் அல்லது நெய்த பகுதி கீழே சுருண்டு போகும்.

நம் பவானி ஜமக்காளத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் முடிச்சு எதற்கென்பது எளிதில் புரியும். ஜமக்காளத்தில் பாவும் ஊடையும் மட்டுமே உண்டு. நிறம் ஊடையிலேயே இருக்கிறது. ஈரானிலும் அப்படிப்பட்ட விரிப்பு உண்டு, ‘கெலிம்’ என்பார்கள். ‘காலி’ என்று சொல்லப்படும் கம்பளத்தில் பாவும் ஊடையும் வெறும் எலும்புக்கூடு. நாம் பார்ப்பதும் தொடுவதும் மிதிப்பதும் மூன்றாவதாகச் சேர்ந்த இழை. ஒவ்வொரு முடிச்சாகப் பாவில் கட்டி, வெட்டி, நிமிர்த்தி நிறுத்திய கம்பளி.

அந்த ஒரு முடிச்சை அருகில் நின்று பார்க்கலாம். நெய்பவரின் தலைக்கு மேலே பல நிறக் கம்பளி உருண்டைகள் தொங்கும். இடக்கை விரல் அடுத்தடுத்த இரண்டு பாவு இழைகளை முன்னால் இழுக்கும். வலக்கை கம்பளி இழையை அவற்றில் ஒன்றை முழுதாகச் சுற்றி, மற்றொன்றின் பின்னால் மட்டும் விட்டு, முன்னே கொண்டுவரும். கீழ்நோக்கி ஒரு சுண்டு, உடனே கத்தியால் ஒரு வெட்டு. அவ்வளவுதான். கண் அந்த இரண்டு இழைகளைத் தேடிப் பிடிப்பதற்குள் விரல் அடுத்த இரண்டுக்குப் போயிருக்கும். இது பாரசீக முடிச்சு. இரண்டு இழைகளையும் சரிசமமாகச் சுற்றி நடுவே வெளிவருவது துருக்கி முடிச்சு. தப்ரீஸ் நகரத்தார் கத்தி முனையில் கொக்கி வைத்து இந்தத் துருக்கி முடிச்சைக் கண்மூடித் திறக்கும் வேகத்தில் போடுவார்கள். பாரசீக முடிச்சுக்கு மேலைநாட்டு வணிகர்கள் ‘சென்னே முடிச்சு’ என்று பெயர் வைத்தார்கள். சென்னே என்பது குர்திஸ்தானின் சனந்தஜ் நகரின் பழைய பெயர். ஆனால் அந்த ஊரில் நெய்வதோ துருக்கி முடிச்சு. நெய்கிறவரிடம் கேட்காமல் பெயர் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

ஒரு வரிசை முடிந்ததும் ஊடை இழை ஓடும். முதல் இழை விறைப்பாக, அடுத்தது தளர்வாக. கனத்த இரும்புச் சீப்பால் அதை ஓங்கி அடித்து இறக்குவார்கள். நெய்யும் வீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்துவிடலாம், அந்தச் சீப்பின் சத்தம் தெருவரைக்கும் கேட்கும். பிறகு நீண்டு நிற்கும் முனைகளைக் கத்தரிக்கோலால் ஒரே மட்டமாக நறுக்குவார்கள். மறுபடியும் முதல் முடிச்சு.

இதன் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். தப்ரீஸில் நேர்த்தியை ‘ரஜ்’ என்ற அளவால் சொல்வார்கள். ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் அகலத்தில் எத்தனை முடிச்சு என்பதே ரஜ். 50 ரஜ் கம்பளத்தில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 51 முடிச்சு விழும். 2 மீட்டருக்கு 3 மீட்டர் என்றால், ஒரு சாதாரணக் கூடத்துக்கான அளவு, முப்பது லட்சம் முடிச்சைத் தாண்டிவிடும். நாளுக்கு 8,000 என்றால் ஒருவருக்கு 380 நாள். ஊடை ஓட்டும் நேரம், கத்தரிக்கும் நேரம், நோய், விசேஷம், வெளிச்சம் குறைந்த மாலை எதுவும் இதில் சேரவில்லை.

எந்த இடத்தில் எந்த நிறம் என்பதை யார் சொல்வது? நகரப் பட்டறைகளில் ஓவியர் கட்டம் போட்ட தாளில் வரைந்து நிறம் தீட்டித் தருவார். ஒரு சிறு கட்டம் ஒரு முடிச்சு. நடுவே பதக்கம், அதற்கு ‘தொரஞ்ச்’. மூலைகளில் ‘லச்சக்’. நம்மூர்ப் பட்டுச்சேலையில் மாங்காய் என்கிறோமே, அந்த வளைந்த வடிவம் அங்கே ‘போத்தே’. நாலாகப் பிரிந்த தோட்டம், வாய்க்கால், அதில் மீன், கரையில் சைப்ரஸ் மரம் எல்லாம் அந்தத் தாளில் கட்டம் கட்டமாகச் சிதறிக் கிடக்கும். பல பட்டறைகளில் ஒருவர் அந்தத் தாளை உரக்கப் பாடுவார், அதற்கு ‘நக்ஷே கானி’ என்று பெயர். இத்தனை நீலம், ஒரு சிவப்பு, அடுத்தது வெள்ளை என்று ராகமாக இழுத்துச் சொல்ல, தறியில் இருப்பவர்கள் கேட்டதைப் போட்டு, போட்டதைத் திருப்பிச் சொல்வார்கள். முழுத் தோட்டமும் அவர்கள் காதுவழியாக வந்து விரல்வழியாக இறங்குகிறது.

நாடோடிப் பெண்களுக்கு இந்தத் தாள் கிடையாது. வடிவம் அம்மாவிடமிருந்து கையோடு வந்தது, மீதி அன்றைய மனநிலை. ஒரு கஷ்காய் கம்பளத்தில் ஓரப் பட்டை மூலையில் பொருந்தாமல் தடுமாறும். திடீரென்று ஒரு கோழி முளைக்கும், ஒரு ஆடு முளைக்கும். மொஹ்சென் மக்மல்பாஃப் 1996இல் எடுத்த ‘கப்பே’ திரைப்படம் இந்தப் பெண்களின் தடித்த, எளிய கம்பளத்தின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. அந்தக் கம்பளத்தில் வரைந்தவரும் நெய்தவரும் ஒருவரே. கடவுள் ஒருவரே குறையற்றவர் என்பதால் நெசவாளர் வேண்டுமென்றே ஒரு பிழையை விடுவார் என்று கடைகளில் ஒரு கதை சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முப்பது லட்சம் முடிச்சு போடும் கைக்குப் பிழையை வலிய வரவழைக்கத் தேவையில்லை. களைப்பே போதும்.

களைப்பு என்ற இடத்தில் கெர்மான் நகரைச் சொல்லாமல் போக முடியாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பாரசீகக் கம்பளத்துக்கு வேட்கை கிளம்பியது. மான்செஸ்டரின் ஜீக்லர் நிறுவனம் சுல்தானாபாத்தில், இன்றைய அராக்கில், கிளை போட்டு வீடு வீடாக நெய்ய வைத்தது. அர்தபீல் தர்காவின் கம்பளங்கள் வெளியே வந்ததும் இந்த வேட்கையின் காலத்தில்தான். அவை இரட்டைக் கம்பளங்கள். ஒன்றை வெட்டி மற்றொன்றின் கிழிசலை அடைத்தார்கள். முழுமையாக்கியதை 1893இல், வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் பார்த்துப் பரிந்துரைத்ததன்பேரில், லண்டன் அருங்காட்சியகம் 2,000 பவுண்டுக்கு வாங்கியது. ஓரம் இழந்த மற்றொன்று இன்று லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறது.

தேவை பெருகியபோது கெர்மானின் தறிகளில் குழந்தைகளை உட்கார வைத்தார்கள். சின்ன விரல்கள் நெருக்கமான பாவுக்குள் லாவகமாகப் போகும் என்பது சொல்லப்பட்ட காரணம். கூலி குறைவு என்பது உண்மைக் காரணம். இருட்டான, ஈரம் கசியும் அறைகளில், கால் மடித்து, வெயில் காணாமல் வளர்ந்த பெண் குழந்தைகளின் எலும்புகள் வளைந்தன. இடுப்பெலும்பு சிதைந்து, பிற்காலத்தில் பிரசவத்தில் அவர்கள் படும் பாட்டை அங்கிருந்த மிஷன் மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கேள்வி எழுப்பியது. 1923இல் கெர்மான் ஆளுநர் ஓர் ஆணை பிறப்பித்தார். நாளுக்கு 8 மணி நேர வேலை, தரைக்குக் கீழே பட்டறை கூடாது, பையன்களுக்குக் குறைந்தது 8 வயது, பெண்களுக்கு 10 வயது. சீர்திருத்தம் என்று வந்த ஆணையே எட்டு வயதை அனுமதித்தது என்றால், அதற்கு முன் எந்த வயதுக் குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

கெர்மான் பகுதியில் நெய்ததாகக் கருதப்படும் 17ஆம் நூற்றாண்டுக் கம்பளம் ஒன்று 2013 ஜூன் மாதம் நியூயார்க் ஏலத்தில் 3.3 கோடி டாலருக்கும் மேல் போனது. அதற்கு முன் எந்தக் கம்பளமும் அந்த விலையைத் தொட்டதில்லை. அதில் யார் பெயரும் இல்லை.

நெய்த அளவைப் பார்த்துக் கூலி தரும்போது வேறொரு நோயும் வரும். இரண்டு பாவு இழைகளுக்குப் பதில் நான்கைச் சேர்த்து ஒரே முடிச்சாகப் போடலாம். இதற்கு ‘ஜுஃப்தி’ என்று பெயர். பாதி வேலையில் அகலம் நிறைந்துவிடும், ஆனால் இழைகள் அடர்த்தி குறைந்து விரைவில் தேயும். நெய்பவரின் ஏமாற்று என்று வணிகர்கள் இதைக் குறை சொல்வார்கள். கிடைக்கும் கூலியில் அடுப்பு எரியுமா என்று யார் கேட்டார்கள்?

2010இல் யுனெஸ்கோ ஃபார்ஸ், காஷான் ஆகிய இரண்டு பகுதிகளின் கம்பள நெசவை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. காஷானில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்தத் தொழிலில் இருப்பதாகவும், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேல் பெண்கள் என்றும் அந்தப் பதிவு சொல்கிறது. பட்டியலில் ஏறியது பெருமை. அதே ஆண்டு அமெரிக்கா பாரசீகக் கம்பள இறக்குமதிக்குத் தடை போட்டது. 1987இல் முதல் தடை, 2000இல் தளர்வு, 2010இல் மீண்டும் தடை, 2016இல் நீக்கம், 2018இல் மறுபடியும் தடை. ஒரு பெரிய கம்பளத்தைத் தறியில் ஏற்றி இறக்குவதற்குள் அதை வாங்கும் சந்தையே திறந்து மூடிவிடுகிறது. அண்மைய தடைகளோடு பின்னிய அணுசக்திப் பேச்சுவார்த்தைக்கும் தறிமுன் உட்கார்ந்திருக்கும் காஷான் அம்மாவுக்கும் தொடர்பே இல்லை. இழப்பு மட்டும் அவளுடையது.

தடைகள் ஒருபுறம் இருக்க, வேலை பெரிதாக வந்த நேரங்களும் உண்டு. அபுதாபியின் ஷேக் சாயித் பெரிய பள்ளிவாசலுக்கு, 5,627 சதுர மீட்டரில், 220 கோடிக்கும் மேற்பட்ட முடிச்சுகளோடு ஈரானில் ஒரு கம்பளம் நெய்து 2007இல் விரித்தார்கள். ஏறத்தாழ 1,200 பெண்கள் உழைத்தார்கள். வடிவமைத்த ஓவியர் அலி காலிகியின் பெயர் வழிகாட்டிகளில் இருக்கிறது. பெண்கள் எண்ணிக்கையாக இருக்கிறார்கள். மக்ஸூதின் காலத்திலிருந்து ஐந்நூறு ஆண்டு ஆகப்போகிறது, இந்த ஒரு வழக்கம் மட்டும் மாறவில்லை.

கம்பளத்தை வாங்குகிறவரோ, அருங்காட்சியகத்தில் பார்க்கிறவரோ, உறவினர் வீட்டில் அதன்மேல் உட்காருகிறவரோ யாராக இருந்தாலும், முடிந்தால் ஒரு மூலையைத் திருப்பிப் பாருங்கள். கையால் நெய்ததில் முன்பக்க வடிவம் பின்பக்கமும் தெளிவாகத் தெரியும். முடிச்சுகள் சின்னச் சின்ன மணிகள்போல, ஒன்றுக்கொன்று கொஞ்சம் விலகி நிற்கும். ஓரக் குஞ்சம் தனியாகத் தைத்திருந்தால் அது பெரும்பாலும் இயந்திரத்தில் வந்தது. கம்பளத்தின் பாவு இழையே நீண்டு குஞ்சமாகியிருந்தால் அது பெரும்பாலும் ஒருவர் விரலில் வந்தது. விற்பவரிடம் எத்தனை ரஜ் என்று கேட்டதும் நிறுத்திவிடாதீர்கள். எந்த ஊரில், யார் நெய்தது, அவர்களுக்கு என்ன கூலி கிடைத்தது என்றும் கேளுங்கள்.